அயலார் வாசலில் இரண்டு புகார்கள்

1973 பிப்ரவரி 25 அன்று சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரிலிருந்து பிரஸ்ஸல்ஸுக்கு ஒரு கடிதம் போனது. எழுதியவர் ஸ்டான்லி ஆடம்ஸ். மால்டாவில் பிறந்தவர். ஹாஃப்மன் லா ரோஷ் மருந்துக் கம்பெனியின் மொத்த வைட்டமின் வியாபாரத்தை உலகளவில் கவனித்த மேலாளர். ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் ஆணையத்தில் போட்டித் துறைக்குப் பொறுப்பாக இருந்த ஆல்பர்ட் போர்ஷெட்டுக்கு அந்தக் கடிதத்தை எழுதியிருந்தார். 32 ஆண்டுகள் கழித்து, 2005 ஆகஸ்டில், தில்லியை ஒட்டிய குர்கானிலிருந்து அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்துக்குப் புனைபெயரில் சில மின்னஞ்சல்கள் போயின. அனுப்பியவர் தினேஷ் தாக்கூர். வேதிப் பொறியாளர். அமெரிக்காவில் பிரிஸ்டல் மையர்ஸ் ஸ்குயிப் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு 2003-இல் இந்திய மருந்துக் கம்பெனியான ரான்பாக்ஸிக்கு வந்து, 2005 ஏப்ரலில் அங்கிருந்து விலகியவர்.

இருவருமே மருந்துத் தொழிலில் மேல்நிலை உத்தியோகம் பார்த்தவர்கள். இருவர் கையிலும் இருந்தது கேள்விப்பட்ட செய்தி அல்ல, கம்பெனிக்குள்ளேயே உருவான ஆவணம். இருவரும் கம்பெனியின் சொந்த நாட்டு அதிகாரிகளை நம்பி உட்காரவில்லை. ஆடம்ஸுக்குக் கிடைத்தவை தனிமைச் சிறை, மனைவியின் தற்கொலை, நொடித்துப்போன தொழில், பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் பாதி நஷ்டஈட்டுக்கு ஒரு தீர்ப்பு. தாக்கூருக்குக் கிடைத்தது ஏறத்தாழ 4.86 கோடி டாலர்.

காலம் மாறிவிட்டது, உண்மையைச் சொல்பவர்களை உலகம் மதிக்கத் தொடங்கிவிட்டது என்று இதற்கு விளக்கம் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருவரையும் பிரித்தது காலமல்ல. அவர்கள் தட்டிய கதவுக்குப் பின்னால் இருந்த ஏற்பாடு. பிரஸ்ஸல்ஸில் அப்போது நல்லெண்ணம் இருந்தது, நடைமுறை இல்லை. வாஷிங்டனில் நடைமுறை இருந்தது, அது அமெரிக்கக் கஜானாவின் நலனுக்காக உருவானது. சர்வதேச அளவில் கம்பெனிகளைப் பொறுப்பேற்க வைப்பது என்று நாம் பெருமையாகச் சொல்வதன் உள்ளடக்கம், இந்த இரண்டு வழக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கொஞ்சம் சிறுத்துத்தான் தெரிகிறது.

ஆடம்ஸ் என்ன சொன்னார்? வைட்டமின் நம் கைக்கு மாத்திரையாக வருகிறது. தயாரிப்பவருக்கோ அது மூட்டைச் சரக்கு. தீவனம் அரைப்பவரும் உணவுப்பொருள் செய்பவரும் டானிக் கலப்பவரும் டன் கணக்கில் வாங்குவார்கள். இவர்களில் பெரிய வாடிக்கையாளர்களோடு ரோஷ் ஒப்பந்தம் போட்டிருந்தது. தேவை முழுவதையும், அல்லது பெரும்பகுதியை, எங்களிடமே வாங்கினால் கழிவு உண்டு என்பது ஏற்பாடு. அந்தக் கழிவு ஒவ்வொரு வைட்டமினுக்கும் தனித்தனியாக அல்ல, எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கணக்கிடப்பட்டது. சி வைட்டமினை வேறு ஒருவரிடம் மலிவாக வாங்கப் போனால் ஏ வைட்டமினுக்கு வரவேண்டிய கழிவையும் இழக்க நேரும். ஒரே ஒரு வைட்டமினைத் தயாரிக்கும் சிறிய கம்பெனி, இந்த வேலியைத் தாண்டி எப்படிச் சரக்கை விற்கும்?

ஒப்பந்தத்தில் இன்னொரு விதியும் இருந்தது. வேறு தயாரிப்பாளர் குறைந்த விலை சொன்னால் வாடிக்கையாளர் அதை ரோஷிடம் தெரிவிக்க வேண்டும்; ரோஷ் அந்த விலைக்கு இறங்கி வராவிட்டால் மட்டுமே அங்கே வாங்கலாம், கழிவும் போகாது. பார்வைக்கு வாடிக்கையாளருக்குக் காட்டும் சலுகை. நடைமுறையில், போட்டியாளர் யாரிடம் என்ன விலை சொன்னார் என்பது ஒரு காசு செலவில்லாமல் ரோஷின் மேசைக்கு வந்து சேரும். வாடிக்கையாளர்களையே வேவுகாரர்களாக்கி வைத்திருந்த இந்தக் கம்பெனிதான் பிற்பாடு பொருளாதார வேவு பார்த்தார் என்று ஆடம்ஸ் மீது புகார் கொடுத்தது.

சக தயாரிப்பாளர்களோடு விலை பேசிவைப்பது பற்றியும் ஆடம்ஸ் சொன்னார். ஆணையம் வழக்காக எடுத்துக்கொண்டது கழிவு ஒப்பந்தங்களை. 1976 ஜூனில் 3 லட்சம் கணக்கு அலகுகள் அபராதம் விதித்தது. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 11 லட்சம் ஜெர்மன் மார்க். ரோஷ் ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போனது. 1979 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு ஆணையத்தின் வாதத்தைப் பெரும்பாலும் ஏற்றது. பி3 வைட்டமின் விஷயத்தில் மட்டும் ரோஷின் ஆதிக்கம் நிரூபணமாகவில்லை என்று சொல்லி அபராதத்தை 2 லட்சமாகக் குறைத்தது. ஐரோப்பியப் போட்டிச் சட்டம் படிக்கிற மாணவர் எவரும் இந்தத் தீர்ப்பைத் தாண்டிப் போக முடியாது. சந்தையில் ஆதிக்கம் என்றால் என்ன, அதைத் தவறாகப் பயன்படுத்துவது என்றால் என்ன என்பதற்கு இன்றும் மேற்கோள் காட்டப்படுவது அதுதான்.

தாக்கூர் கண்டது வேறு ரகம். ரான்பாக்ஸிக்காக மருந்துச் சோதனை நடத்திய ஹைதராபாத் ஆய்வகம் ஒன்றின் தரவுகளில் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2004-இல் குறை கண்டார்கள். எய்ட்ஸ் மருந்துகள் சம்பந்தப்பட்ட விவகாரம். அப்போதுதான் ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைவராக வந்து சேர்ந்திருந்த ராஜிந்தர் குமார், இது ஓர் ஆய்வகத்தோடு நிற்கிற கோளாறா என்று பார்த்துச் சொல்லும்படி தாக்கூரிடம் பொறுப்பைக் கொடுத்தார். நாடு நாடாக, மருந்து மருந்தாக, அனுமதி வாங்கச் சமர்ப்பித்த தரவுகளின் மூலத்தைத் தாக்கூரின் குழு தேடியது. பல இடங்களில் மூலமே இல்லை. தொகுத்த அறிக்கையைக் குமார் இயக்குநர் குழுவின் உறுப்பினர்கள் முன் வைத்தார். கொஞ்ச நாளில் குமார் கம்பெனியில் இல்லை. சில மாதங்களில் தாக்கூரும் இல்லை.

என்ன மாதிரியான பொய் அது என்பதை விளக்கியாக வேண்டும். பொய்யின் தன்மை வழக்கின் போக்கைத் தீர்மானித்தது. ஒரு மருந்து எத்தனை மாதம் வீரியம் குறையாமல் இருக்கும் என்று அறிய, மாத்திரைகளைக் குறிப்பிட்ட வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் வைத்து மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், ஒன்பதாம் மாதம் என்று எடுத்துச் சோதிப்பார்கள். மேல் உறையில் அச்சிடும் காலாவதித் தேதி இந்தச் சோதனையிலிருந்து வருவது. ரான்பாக்ஸியின் ஆலைகளில், மாத இடைவெளியில் செய்ததாகக் காட்டிய சோதனைகளை ஒரே நாளிலோ சில நாட்களுக்குள்ளோ செய்திருந்தார்கள். மாத்திரைகளைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்ததும் தெரியவந்தது. இமாச்சலப் பிரதேசத்தின் பாவோன்டா சாகிப், மத்தியப் பிரதேசத்தின் தேவாஸ் ஆகிய இரண்டு ஊர் ஆலைகளும் இதில் சிக்கின. 2008 செப்டம்பரில் அவ்விரு ஆலைகளின் முப்பதுக்கும் மேற்பட்ட மருந்துகளை அமெரிக்கா தடுத்தது. 2013 மே 13 அன்று ரான்பாக்ஸியின் அமெரிக்கக் கிளை ஏழு குற்றங்களை ஒப்புக்கொண்டு 50 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது. அதில் 15 கோடி குற்றவியல் அபராதமும் பறிமுதலும்; 35 கோடி உரிமையியல் தீர்வு.

ரோஷின் வைட்டமினில் கோளாறு ஏதும் கிடையாது. விலையும் சந்தையும்தான் கோணல். ரான்பாக்ஸியின் விலை மலிவு; சரக்கின் மேல்தான் நிச்சயமில்லை. ஆனால் இரண்டையும் வாங்கியவர் ஒரே நிலையில் இருந்தார். தீவனம் வாங்கும் விவசாயிக்குத் தான் கொடுத்த காசில் எவ்வளவு ரோஷின் கழிவு ஏற்பாட்டுக்குப் போனது என்று தெரிய வழியில்லை. மாத்திரை விழுங்குகிறவருக்கு அதன் வீரியம் தெரிய வழியில்லை. உள்ளே இருக்கும் ஒருவர் வாய் திறந்தால் தவிர வெளியே வராத தவறுகள் இவை. ஆகவேதான் அப்படி வாய் திறந்தவரை அந்தந்த அமைப்பு எப்படி நடத்தியது என்பதைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆடம்ஸ் தன் கடிதத்தில் தெளிவாகவே கேட்டிருந்தார்: என் பெயர் வெளியே வரக் கூடாது. கொஞ்ச காலத்தில் ரோஷை விட்டுப் போகிறேன், இத்தாலியில் இறைச்சித் தொழில் தொடங்கப் போகிறேன், அதற்குப் பிறகு எந்த நீதிமன்றத்திலும் வந்து சாட்சி சொல்லத் தயார் என்றும் எழுதியிருந்தார். 1973 அக்டோபரில் விலகினார். இத்தாலியில் பன்றிப் பண்ணை வேலையில் இறங்கினார். அடுத்த ஆண்டு அக்டோபரில் ஆணையத்தின் அதிகாரிகள் ரோஷின் பாரிஸ், பிரஸ்ஸல்ஸ் அலுவலகங்களில் சோதனை நடத்தினார்கள். ஆடம்ஸ் கொடுத்த ஆவணங்களில் சிலவற்றின் நகல்கள் அப்போது அங்கிருந்த ஊழியர்கள் கைக்குப் போயின. பெயரை மறைத்த நகல்கள்தாம். ஆனால் உள் சுற்றறிக்கை யார் யாருக்குப் போனது என்று கம்பெனிக்குத் தெரியாதா? ஆவணத்தைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடித்தார்கள்.

இதுவரை நடந்ததைக் கவனக்குறைவு என்று மன்னிக்கலாம். அடுத்தது அப்படியல்ல. 1974 நவம்பர் 8 அன்று ரோஷின் வழக்கறிஞர் ஆணையத்தின் அதிகாரிகளைச் சந்தித்து, தகவல் கொடுத்தவர் மீது சுவிஸ் குற்றவியல் சட்டப்படி நடவடிக்கை வரலாம் என்ற செய்தியைச் சொன்னார். அதாவது, ஆடம்ஸுக்கு ஆபத்து காத்திருக்கிறது என்று பிரஸ்ஸல்ஸுக்குத் தெரிந்துவிட்டது. ஆடம்ஸுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. முகவரி தெரியாது என்பது பின்னாளில் சொன்ன சமாதானம். இத்தாலிக்குப் போகிறேன் என்று அவர் எழுதிய கடிதமே அவர்களுடைய கோப்பில் இருந்தது.

அந்த ஆண்டின் கடைசி நாள், மனைவியோடும் மகள்களோடும் உறவினரைப் பார்க்கச் சுவிட்சர்லாந்துக்குள் நுழைந்த ஆடம்ஸை எல்லையில் பிடித்தார்கள். தனிமைச் சிறை. மனைவியையும் விசாரித்தார்கள், கணவருக்கு இருபது ஆண்டு சிறை கிடைக்கலாம் என்று அவரிடம் சொல்லப்பட்டது. 1975 ஜனவரி 10 அன்று அவர் தற்கொலை செய்துகொண்டார். மார்ச் 21 அன்று ஆணையம் கட்டிய 25,000 பிராங்க் பிணைத்தொகையில் ஆடம்ஸ் வெளியே வந்தார். 1976 ஜூலை 1 அன்று பாசெல் நீதிமன்றம் அவர் இல்லாமலேயே விசாரித்து, ஓராண்டுச் சிறைத்தண்டனையை நிறுத்திவைத்துத் தீர்ப்பளித்தது. ரோஷுக்கு ஆணையம் அபராதம் விதித்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. ஒரே ஆவணங்களை வைத்துக் கம்பெனி குற்றவாளி என்று ஓர் ஊரும், அவற்றைக் கொடுத்தவர் குற்றவாளி என்று இன்னோர் ஊரும் சொல்லியாயிற்று.

ஆடம்ஸ் பிறகு ஆணையத்தின் மீதே வழக்குப் போட்டார். 1985 நவம்பர் 7 அன்று வந்த தீர்ப்பு, ரகசியம் காக்கும் கடமையில் ஆணையம் தவறியது, ஆபத்து தெரிந்ததும் அவரைத் தேடிச் சொல்லியிருக்க வேண்டும் என்று சாடியது. அதே மூச்சில் நஷ்டஈட்டைப் பாதியாகவும் வெட்டியது. ஆவணங்களிலிருந்து தன்னை அடையாளம் காண முடியும் என்று ஆடம்ஸ் எச்சரிக்கவில்லையாம். ஆபத்து இருப்பது தெரிந்தும் சுவிட்சர்லாந்துக்குள் போனாராம். ஆவணங்களைக் கையாள்வது ஆணையத்தின் தொழில், ஆடம்ஸின் தொழில் வைட்டமின் விற்பது என்பதை நீதிபதிகள் இன்னும் கொஞ்சம் யோசித்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

தாக்கூரின் ரகசியம் எப்படிக் காப்பாற்றப்பட்டது? அமெரிக்க அதிகாரிகள் மென்மையானவர்கள் என்பதால் அல்ல. அவருடைய முதல் மின்னஞ்சல்களுக்குப் பதில் வருவதற்கே பாடுபட வேண்டியிருந்தது. 2006 பிப்ரவரியில்தான் ஆய்வாளர்கள் பாவோன்டா சாகிப்புக்குப் போனார்கள். திருப்பம் 2007-இல் வந்தது. பிப்ரவரியில் நியூஜெர்சியில் உள்ள ரான்பாக்ஸியின் அமெரிக்கத் தலைமையகத்தில் மத்திய அதிகாரிகள் சோதனை போட்டார்கள். ஏப்ரலில், ஆண்ட்ரூ பியாட்டோ என்ற வழக்கறிஞர் வழியாக, பொய்க் கோரிக்கைச் சட்டத்தின்கீழ் தாக்கூர் வழக்குத் தொடுத்தார்.

இந்தச் சட்டம் 1863-இல் வந்தது. உள்நாட்டுப் போரில் படைக்குச் சரக்கு அனுப்பிய ஒப்பந்ததாரர்கள் கெட்டுப்போனதைத் தலையில் கட்டிக் காசு பார்த்தபோது லிங்கன் அரசு கொண்டுவந்தது. அரசை ஏமாற்றுகிறவன் மீது அரசின் சார்பில் எந்த ஆளும் வழக்குப் போடலாம். அரசும் சேர்ந்துகொண்டு வென்றால் மீட்ட பணத்தில் 15 முதல் 25 விழுக்காடு அவருக்கு. வழக்கு முத்திரையிட்ட உறைக்குள் தொடங்கும். எதிராளிக்கே தெரியாது. அரசு விசாரித்து முடிக்கும்வரை முத்திரை நீடிக்கும். தாக்கூரின் வழக்கில் அது ஆறு ஆண்டுகள் நீடித்தது.

ஆடம்ஸ் பிரஸ்ஸல்ஸுக்கு ஒரு தகவல் மூலம் மட்டுமே. தகவல் வந்த பிறகு அவர் வேண்டப்படாதவராகிவிட்டார். தாக்கூர் வழக்கின் கட்சிக்காரர். அவருக்கு வழக்கறிஞர் இருந்தார், வழக்கு எண் இருந்தது, வெற்றியில் பங்கு இருந்தது. அவருடைய பெயர் கசிந்தால் அரசின் வழக்கே கெடும். அவரைக் காப்பது கருணையின் பொறுப்பாக விடப்படவில்லை. வருமானத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. இதில் புனிதம் ஒன்றும் இல்லை. அதே நாட்டில் யூபிஎஸ் வங்கியின் ரகசியக் கணக்குகளை வெளிக்கொண்டுவந்த பிராட்லி பிர்கன்ஃபெல்டைச் சிறைக்கும் அனுப்பி, 2012-இல் 10.4 கோடி டாலர் வெகுமதியும் கொடுத்தார்கள். இயந்திரம் வேலை செய்யும். யாரை எப்போது நசுக்கும் என்று சொல்ல முடியாது.

பணம் கொடுத்து உண்மையை வாங்கலாமா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஐரோப்பாவில் இந்தத் தயக்கம் இன்றும் வலுவானது. ஆனால் அந்தத் தயக்கம் யாருக்கு மட்டும் பொருந்துகிறது என்று பாருங்கள். 1999 மேயில் ரோஷ் மறுபடியும் பிடிபட்டது. அதே வைட்டமின்தான். 1990 முதல் பிஏஎஸ்எஃப் முதலிய போட்டியாளர்களோடு உலகம் முழுக்க விலையும் அளவும் பேசிவைத்திருந்தது. அமெரிக்காவில் 50 கோடி டாலர் அபராதம் கட்டியது. 2001-இல் பிரஸ்ஸல்ஸ் ஆணையம் அதே கூட்டுக்காக 46.2 கோடி யூரோ விதித்தது. இந்தக் கூட்டு உடைந்ததற்கு முக்கியக் காரணம், பங்காளிகளில் ஒன்றான ரோன் பூலென்க் முந்திக்கொண்டு ஒப்புக்கொண்டது. அதற்குக் கைம்மாறாக, அதை உள்ளடக்கி உருவான அவென்டிஸ் கம்பெனிக்கு ஏ, இ வைட்டமின்களுக்கான அபராதம் முழுவதையும் பிரஸ்ஸல்ஸ் தள்ளுபடி செய்தது. களவில் பங்கெடுத்த கம்பெனி காட்டிக்கொடுத்தால் முழுச் சலுகை. எந்தக் களவிலும் பங்கெடுக்காத ஊழியர் காட்டிக்கொடுத்ததற்குப் பாதி நஷ்டஈடு. ஆடம்ஸிடமிருந்து பிரஸ்ஸல்ஸ் பாடம் கற்கத்தான் செய்தது. அந்தப் பாடத்தைக் கம்பெனிகளுக்கு முதலில் நடத்தியது. தனிமனிதர்களுக்கான பாதுகாப்பு உத்தரவு 2019-இல் வந்தது. அதிலும் வெகுமதி கிடையாது.

சொந்த ஊர்ச் சட்டங்களுக்கு வருவோம். ஆடம்ஸைத் தண்டிக்கப் பயன்பட்ட சுவிஸ் குற்றவியல் சட்டத்தின் 273-ஆம் பிரிவு, வியாபார ரகசியத்தை அயல்நாட்டு அதிகார அமைப்புக்கு எட்டச் செய்வதைக் குற்றமாக்குகிறது. அதன் வேர் 1930-களில் ஜெர்மானிய நாஜிகளுக்கு உளவு சொன்னவர்களைத் தடுக்க வந்த சட்டத்தில் இருக்கிறது. தன் குடியிருப்பாளரை ஹிட்லரின் ஆட்களிடமிருந்து காக்கப் பிறந்த ஏற்பாடு, வைட்டமின் ஒப்பந்தங்களைப் பிரஸ்ஸல்ஸிடமிருந்து காக்க உதவியது. ஆடம்ஸோ சட்டத்தை மீறுகிறோம் என்று நினைக்கவே இல்லை. ஐரோப்பியச் சமூகத்தோடு சுவிட்சர்லாந்து செய்த தடையில்லா வர்த்தக ஒப்பந்தம் 1973 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. சந்தை ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்துவது இந்த ஒப்பந்தத்துக்கு முரண் என்று அதில் எழுதியிருந்தது. இரண்டு அரசுகள் கையெழுத்திட்ட காகிதத்தை அவர் எழுத்துக்கு எழுத்து நம்பிவிட்டார்.

இந்தியாவில் தாக்கூர் மீது யாரும் வழக்குப் போடவில்லை. அவர் சொன்னதைக் காதில் வாங்கவும் இல்லை. அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகும் இந்தியக் கட்டுப்பாட்டு அமைப்பிடமிருந்து அந்தக் கம்பெனிக்கு அதற்கு ஈடான தண்டனை எதுவும் வரவில்லை. அமெரிக்க அளவுகோலை வைத்துப் பார்த்தால் உள்நாட்டுச் சந்தைக்குத் தயாரிக்கும் ஆலைகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் மூட வேண்டிவரும் என்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைவரே 2014-இல் பேட்டி கொடுத்தார். அதை அவர் வாதமாகத்தான் சொன்னார். வாக்குமூலமாகப் படிப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. 2016-இல் மருந்து ஒழுங்குமுறையைச் சீர்திருத்தக் கோரி தாக்கூர் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனு போட்டார். நீதிமன்றம் விசாரிக்க மறுத்தது. பரிசுப் பணத்தை வைத்துக்கொண்டு அவர் ஒதுங்கியிருக்கலாம். பதிலாக, பிரசாந்த் ரெட்டியுடன் சேர்ந்து இந்திய மருந்துக் கட்டுப்பாட்டின் ஓட்டைகளைப் பற்றி 2022-இல் ஒரு தடித்த புத்தகம் எழுதினார். ஆடம்ஸும் 1984-இல் தன் கதையைப் புத்தகமாக்கினார். ஒருவர் தனக்கு நேர்ந்ததை எழுத வேண்டியிருந்தது. இன்னொருவருக்கு மற்றவர்களுக்கு நேர்வதை எழுத வசதியும் அவகாசமும் கிடைத்தன.

இனி, யாருக்கு நஷ்டம், யாருக்கு ஈடு என்ற கணக்கு. ரான்பாக்ஸி கட்டிய 35 கோடி டாலர் எங்கே போனது? அமெரிக்க மத்திய அரசுக்கும் மாநில அரசுகளுக்கும். முதியோர், ஏழைகள், முன்னாள் படைவீரர்கள் ஆகியோருக்கான திட்டங்களில் அந்த மருந்துகளுக்கு அரசு பணம் கொடுத்திருந்தது; அந்தப் பணம் திரும்பியது. ஆப்பிரிக்காவுக்கு எய்ட்ஸ் மருந்து வாங்கிக் கொடுத்த அமெரிக்க உதவி நிறுவனமும் பட்டியலில் உண்டு, வாங்கியவர் என்ற முறையில். அதை விழுங்கிய ஆப்பிரிக்க நோயாளி பட்டியலில் இல்லை. தாக்கூரைத் தூங்கவிடாமல் செய்த கவலைகளில் முதன்மையானது அந்த நோயாளியைப் பற்றியது என்பதை நினைத்தால் இது உறுத்துகிறது. இந்திய நோயாளி எந்தப் பட்டியலிலும் இல்லை. கம்பெனியின் அதிகாரி ஒருவர்கூட அமெரிக்காவில் குற்றவாளிக் கூண்டில் ஏறவில்லை.

தனிமனிதர்களை எட்டிய ஒரே அடி, வேறு திசையிலிருந்து வந்தது. 2008-இல் ரான்பாக்ஸியை வாங்கிய ஜப்பானின் தாய்ச்சி சாங்கியோ, விற்ற சிங் சகோதரர்கள் விவரங்களை மறைத்து ஏமாற்றிவிட்டதாக சிங்கப்பூரில் நடுவர் மன்றத்துக்குப் போனது. 2016-இல் வட்டியோடு ஏறக்குறைய 3,500 கோடி ரூபாய்க்குத் தீர்ப்புப் பெற்றது. மறைக்கப்பட்டதாக அங்கே நிரூபணமானது, குமாரும் தாக்கூரும் 2004-இல் உருவாக்கிய அதே அறிக்கை. நோயாளிகளை நினைத்து எழுதிய காகிதம், முதலீட்டாளரின் பணத்தை மீட்டுக் கொடுக்கும் சாட்சியானது. வைட்டமின் வழக்கிலும் இதே கதைதான்: 2 லட்சம் கணக்கு அலகு ஐரோப்பியக் கருவூலத்துக்குப் போனது, அதிக விலை கொடுத்த விவசாயிக்கு அதில் ஒன்றும் இல்லை.

நாடுகளைத் தாண்டிச் செயல்படும் கம்பெனிக்கு நாடுகளைத் தாண்டிய நீதிமன்றம் இல்லை. ஹேக் நகரின் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் மனிதர்களை விசாரிக்கும், கம்பெனிகளை விசாரிக்காது. கம்பெனிகளை மனித உரிமைகளுக்குக் கட்டுப்படுத்தும் ஓர் உடன்படிக்கைக்கு ஐக்கிய நாடுகளின் மனித உரிமைப் பேரவை 2014-இல் வழிதிறந்தது. ஜெனீவாவில் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. அதுவரை, உண்மை தெரிந்த ஊழியர் செய்யக்கூடியது ஒன்றே: இந்தத் தவறால் எந்த வல்லரசின் பணப்பை இளைத்தது என்று கண்டுபிடித்து அதன் கதவைத் தட்டுவது. ஆடம்ஸ் தட்டிய கதவு புதிதாக மாட்டியது. பூட்டு சரியாக விழவில்லை. தாக்கூர் தட்டியது நூற்றைம்பது ஆண்டுப் பழைய கதவு.

இன்று ஒருவர் பாசெலிலிருந்து அதே கடிதத்தை எழுதினால்? 273-ஆம் பிரிவு அப்படியே இருக்கிறது. தனியார் கம்பெனி ஊழியர்களின் முறையீட்டை ஒழுங்குபடுத்த வந்த மசோதாவைச் சுவிஸ் நாடாளுமன்றத்தின் மக்களவை 2020 மார்ச்சில் இரண்டாம் முறையாக நிராகரித்து முடித்துவைத்தது. இந்தியாவில் 2014-இல் நிறைவேறிய முறைகேடு தெரிவிப்போர் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்குக் கொண்டுவரப்படாமலே கிடக்கிறது. வந்தாலும் அது பொது ஊழியர்கள் மீதான புகார்களுக்கானது, தனியார் ஆலைக்குள் எட்டிப் பார்க்காது.

அமெரிக்காவுக்கு மாத்திரை அனுப்பும் இந்திய ஆலையின் வேதியியலருக்குத் தாக்கூர் போன வழி திறந்திருக்கிறது. உள்ளூர்க் கடைகளுக்கு மட்டும் சரக்கு போடும் சிறிய ஆலையில் அதே பொய்யைக் காண்பவருக்கு அது இல்லை. 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாராவில் குழந்தைகளைப் பலிகொண்ட இருமல் மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அந்த மருந்து தங்கள் நாட்டுக்கு அனுப்பப்படவில்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அறிவித்தது. அதன் வேலை அத்துடன் முடிந்தது.